குதிகால்

கொக்குக்கு இருபத்து நான்கு வயது. அவளுக்கு ஒரு நல்ல பெயரும் இருக்கத்தான் செய்தது. அது சான்றிதழ்களிலும் பதக்கத்தோடு தரும் காகிதங்களிலும் மட்டும் குடியிருந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் நாள், முன்பாதத்தை மட்டும் ஊன்றி, முழங்கால்கள் ஒன்றோடொன்று உரச அவள் வகுப்புக்குள் நுழைந்ததைப் பார்த்து எவனோ ஒருவன் 'கொக்கு' என்றான். அதோடு பிறந்த பெயர் போயிற்று. ஆரம்பத்தில் அழுதாள். பிறகு பழகிவிட்டது. இப்போது வீட்டில் அம்மாவைத் தவிர எல்லாருக்கும் அவள் கொக்குதான்.

பிறக்கும்போது மூளைக்கு மூச்சு எட்டாமல் போனது சில நிமிடங்கள்தான். பெருமூளை வாதம் என்று டாக்டர்கள் எழுதினார்கள். அவள் கால்களில் எலும்பு சரியாக இருந்தது, சதை சரியாக இருந்தது. 'தளர்ந்துகொள்' என்று மூளை அனுப்பும் உத்தரவு மட்டும் போய்ச் சேராது. அதனால் கெண்டைக்கால் எந்நேரமும் இறுகிக் கிடக்கும், குதிகால் அந்தரத்தில் நிற்கும்.

அந்த உத்தரவை அம்மா தன் கையால் கொடுத்துவந்தாள். மகளுக்கு இரண்டு வயதானபோது ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சி அது. காலையில் எழுந்ததும் வெந்நீரில் முக்கிப் பிழிந்த துண்டைக் கெண்டைக்காலில் சுற்றுவாள். துண்டு ஆறுவதற்குள் தன் காப்பியைக் குடித்து முடிப்பாள். பிறகு கட்டில் ஓரம் உட்கார்ந்து, மகளின் உள்ளங்காலைத் தன் முன்கையில் தாங்கி மெல்ல மெல்ல மேலே தள்ளுவாள். முப்பது எண்ணும்வரை விடக்கூடாது. அவசரப்பட்டால் கால் எகிறும், இன்னும் இறுகும். பொறுமையாகத் தள்ளினால், இருபதைத் தாண்டி எங்கோ ஓரிடத்தில், முரண்டு பிடித்த மாடு போனால் போகிறது என்று நடக்கத் தொடங்குவதுபோல, கால் விட்டுக்கொடுக்கும். அம்மாவின் எண்ணிக்கையிலும் ஒரு தில்லுமுல்லு உண்டு. இருபத்தைந்துவரை ஓடும். அதற்குமேல் நொண்டும்.

"இருபத்தெட்டு... இருபத்தெட்டு..."

"அம்மா, இருபத்தெட்டு அப்பவே வந்துடுச்சு."

"அது சின்ன இருபத்தெட்டு. இது பெரிசு. பேசாம படு."

அதன் பலன் குளியலறை வாசலில் தெரியும். குளித்துவிட்டு வரும்போது சிமெண்டுத் தரையில் விழும் ஈரத்தடத்தில், விரல்களுக்குப் பின்னால், மங்கலாக ஒரு குதிகால் பதிந்திருக்கும். அம்மா வேலையைப் போட்டுவிட்டு வந்து அதைக் குனிந்து பார்ப்பாள். சுவரில் பதினோரு தங்கப் பதக்கங்கள் தொங்கின. அவற்றைத் தூசு தட்டக்கூட அம்மாவுக்கு நேரம் கிடைத்ததில்லை. தரையில் விழுந்து ஐந்து நிமிடத்தில் காய்ந்துபோகும் அந்தத் தடத்தைப் பார்க்க மட்டும் தினமும் நேரம் இருந்தது.

இருபத்திரண்டு வருடத்தில் அம்மா இந்தப் பயிற்சியை நிறுத்தியது இரண்டே முறை. இரண்டு முறையும் நிறுத்தச் சொன்னவர் மாஸ்டர்.

மாஸ்டர் நீச்சல் பயிற்சியாளர். கழுத்தில் விசில், தலையில் வெளிறிய தொப்பி, தண்ணீருக்குள் இறங்கிப் பல வருடமான தொப்பை. தன் இளமையில் மூன்று முறை நான்காவதாக வந்தவர். அந்த மூன்றையும் அவர் மறக்கவில்லை. ஒன்பது வயதில் குளத்துக்கு வந்த கொக்கைத் தண்ணீரில் விட்டு ஐந்து நிமிடம் பார்த்தார். "கால் பாவம்தான், விடுங்க. கையைப் பாருங்கம்மா, துடுப்பு" என்று அம்மாவிடம் சொன்னார். அவளை ஒருவர் பார்த்துவிட்டுக் காலை விட்டுவிட்டுக் கையைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து மாஸ்டர் கிழித்த கோட்டை அவள் தாண்டியதில்லை. தண்ணீருக்குள் யாரும் அவள் நடையைப் பார்க்க முடியாது என்பதும் ஒரு காரணம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான இந்த நீச்சலில் எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்திப் போட்டி வைப்பதில்லை. யாருக்கு உடம்பு எவ்வளவு ஒத்துழைக்கிறது என்று பார்த்து ஒன்றிலிருந்து பத்துவரை பிரிவுகளாகப் பிரிப்பார்கள். எண் சிறிதானால் கஷ்டம் பெரிது. ஒரு டாக்டரும் நீச்சல் தெரிந்த ஒருவரும் உட்கார்ந்து, மேசையில் படுக்கவைத்து மூட்டு மூட்டாக அசைத்துப் பார்ப்பார்கள். தண்ணீரில் இறக்கிப் பார்ப்பார்கள். போட்டியிலும் ஒரு கண் வைத்திருப்பார்கள். சில வருடத்துக்கு ஒருமுறை மறுபடியும் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். வேண்டுமென்றே உடம்பைக் குறைத்துக் காட்டியது தெரிந்தால் தடை, அவமானம், எல்லாம் உண்டு.

கொக்கின் முதல் பரிசோதனை பதினேழு வயதில். அன்று எல்லாமே தப்பாக நடந்தது. விடிய விடியக் குளிரூட்டிய பஸ்ஸில் பயணம். இறங்கியதும் வெந்நீர் இல்லை, துண்டு இல்லை, அம்மா உட்கார்ந்து காலை நீட்டிவிட ஒரு கட்டிலும் இல்லை. வரிசையைக் குளறுபடி செய்து முதலில் தண்ணீரில் இறக்கிவிட்டு, ஈர நீச்சலுடையோடு மூன்று மணிநேரம் கூடத்தில் உட்காரவைத்தார்கள். மேசையில் ஏறியபோது அவள் விறகுக்கட்டையாக இருந்தாள். 'ஆறு' என்று எழுதினார்கள். வழக்கமான ஒரு காலையில், அம்மா கை பட்ட பிறகு பார்த்திருந்தால் ஏழு. மாஸ்டருக்கு அது அன்றே தெரிந்துவிட்டது. அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். யாரும் பொய் சொல்லவில்லை, குளிர்தான் பேசியது. வந்த லட்சுமியை யார் காலால் உதைப்பார்கள்?

ஆறாம் பிரிவில் அவளுக்கு எதிரில் ஆளில்லை. இரண்டு வருடத்தில் நூறு மீட்டரில் சாதனை. பத்திரிகையில் படம். அந்தப் படத்தின் பேரில் அரசு அலுவலகம் ஒன்றில், தபால் பதிவுப் பிரிவில் வேலை. இருபது வயதில் மறுபரிசோதனைக்கு அழைப்பு வந்தபோது, மாஸ்டர் அந்தப் பதினேழு வயதுப் பரிசோதனை நாளைச் சமையல் குறிப்புபோல் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பதினைந்து நாளைக்குக் கால்களை நீட்டிவிடக் கூடாது. வெந்நீர் கூடாது. தூங்கும்போது மாட்டும் பிளாஸ்டிக் கட்டு கூடாது. முதல் நாள் ராத்திரி பஸ். அன்று காலை பச்சைத்தண்ணீரில் குளியல். ஈர உடையோடு காத்திருத்தல்.

"இது நடிப்பா மாஸ்டர்?" என்று அம்மா கேட்டாள்.

"யாரு நடிக்கச் சொன்னா? நடிச்சாத்தான் தப்பு. உடம்பு எப்படி இருக்கோ அப்படியே போய்ப் படுக்கப் போறா. அவ்வளவுதான்."

கொக்கு தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கும் வேலைதான். ஆனாலும் பலித்தது. மறுபடி ஆறு. அடுத்த பரிசோதனை நான்கு வருடம் கழித்து என்று எழுதிக்கொடுத்தார்கள். அன்று சாயங்காலமே அம்மா துண்டை நனைத்தாள். பத்து நாளில் தரையில் குதிகால் திரும்ப வந்தது.

திரும்பி வராதது வேறொன்று. ஆறாம் பிரிவுக்காரி ஆறாம் பிரிவுக்காரியாகவே நடமாட வேண்டும். அவள் அலுவலகம் இரண்டாம் மாடியில். நாற்பது படிகள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டால் அவளால் ஏற முடியும். வீட்டு மொட்டை மாடிக்குத் துணி காயப்போட அவள்தான் ஏறிப் போவாள். ஆனால் அலுவலகத்தில் எவனாவது செல்போனில் எடுத்து எங்காவது அனுப்பிவைத்தால்? "நாலு பேர் பார்க்கிற இடத்துல படியே உனக்குத் தெரியாது" என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். மாதத்தில் நாலு நாள் லிப்ட் மக்கர் செய்யும். அந்த நாலு நாளும் அவள் மாடிப்படிக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். பியூன் பதிவேட்டையும் முத்திரையையும் கீழே கொண்டுவந்து கொடுப்பார். அவள் தலைக்கு மேலே அறிவிப்புப் பலகையில் அவள் படமே ஒட்டியிருந்தது, கழுத்தில் பதக்கத்தோடு. கீழே 'தடைகளைத் தாண்டியவர்' என்று எழுதியிருந்தார்கள். தாண்டியவர் படியைப் பார்த்தபடி உட்கார்ந்து கவர்களில் முத்திரை குத்திக்கொண்டிருப்பாள். சிரிப்பு வரும், அழுகையும் வரும், இரண்டையும் முத்திரையில் காட்டுவாள்.

தண்ணீராவது மிச்சம் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. போட்டியில் காலை உதைக்கக்கூடாது. "உதைக்காதேன்னு நான் சொல்லலை. கால் தூங்கட்டும்னு சொல்றேன்" என்பார் மாஸ்டர். ஒரே ஒரு முறை, குளத்தில் ஆளில்லாத மத்தியானத்தில், அவள் மனம்போல உதைத்து நீந்தினாள். உடம்பு முழுக்க ஒன்றாகச் சேர்ந்து முன்னே போனது. கரையைத் தொட்டு நிமிர்ந்தபோது மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு மாஸ்டர்?"

"ஏழுல நாலாவது வரும்."

"அது நல்ல நேரம்தானே?"

"நாலாவதா வந்தவளை யாரு ஞாபகம் வச்சுக்கறா?" என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தில் இருந்த நேரத்தை அழித்தார். அந்தக் குரலில் இருந்த கசப்பு தனக்கானதல்ல என்று அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் அந்தக் கசப்பை அவள்தான் விழுங்க வேண்டியிருந்தது.

இன்னொருத்தி இருந்தாள். அவளுக்கு வெள்ளி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஏனென்றால் கொக்கு தங்கம் வாங்கும் எல்லா இடத்திலும் அவள்தான் இரண்டாவது. இருபது வயது. அவளுக்கும் பெருமூளை வாதம். அசல் ஆறு. கோப்பையைப் பிடித்தால் பாதித் தண்ணீர் தரையில் இருக்கும். வாய் மட்டும் ஓயாது. "அக்கா, நீங்க நீச்சலை விடறதா இருந்தா ஒரு வாரம் முன்னாடி சொல்லுங்க. நான் தங்கத்துக்கு ஏத்த மாதிரி ஒரு டிரஸ் தைச்சுக்கறேன்" என்று உடைமாற்றும் அறையில் சிரிப்பாள். ஒருநாள் சிரிக்காமல், "எந்த எக்சர்சைஸ் பண்றீங்கக்கா? நானும் எல்லாந்தான் பண்றேன், உங்க பக்கத்துலகூட வர முடியலையே" என்று கேட்டாள். கொக்கு அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. விட்டுவிடலாம் என்று நினைக்காத நாள் இல்லை. ஆனால் ஏழு என்று எழுதிவிட்டால், 'அப்போ இத்தனை நாள்?' என்ற கேள்வி பின்னாலேயே வரும். படம் இறங்கும். வேலையிடத்தில் முகங்கள் மாறும். புலி வாலைப் பிடித்த கதை. பிடித்தாலும் ஆபத்து, விட்டாலும் ஆபத்து.

மூன்றாவது பரிசோதனைக்கு அழைப்பு வந்தது. மாஸ்டர் பழைய காகிதத்தோடு வந்தார். அம்மா துண்டை மடித்து அலமாரியில் வைத்தாள். பதினான்காவது நாள் கடிதம் வந்தது: பரிசோதனை ஆறு வாரம் தள்ளிவைக்கப்படுகிறது.

"அப்ப இன்னிக்கே பண்ணிவிடட்டுமா?" என்றாள் அம்மா.

"இப்பத்தான் நல்லா இறுகியிருக்கு. ஆறு வாரம்தானே" என்றார் மாஸ்டர்.

ஆறு வாரம் முடியும்போது அடுத்த கடிதம். டாக்டர் கிடைக்கவில்லையாம், இரண்டு மாதம். அதன் பிறகு கட்டடத்தில் பழுதுபார்க்கும் வேலை, தேதி பின்னர் அறிவிக்கப்படும். எந்த நாளும் அழைப்பு வரலாம் என்பதால் எந்த நாளும் தொடங்க முடியவில்லை. பதினைந்து நாள் என்று ஆரம்பித்தது ஏழு மாதம் ஓடிவிட்டது. வீட்டில் அதைப் பற்றிப் பேசும்போது மூவருமே 'அந்தப் பதினஞ்சு நாள்' என்றுதான் சொன்னார்கள். கெட்ட விஷயத்துக்குச் சின்னப் பெயர் வைத்துக்கொள்வது மனிதருக்கு ஒரு வசதி.

கொக்கின் கெண்டைக்கால் தூக்கத்தில் சுருண்டு இழுத்தது. அம்மாவின் கைகளுக்குக் காலையில் வேலையில்லை. காப்பியைக் குடித்துவிட்டு அந்த இருபது நிமிடம் எங்கே போவதென்று தெரியாமல் கட்டில் ஓரத்தில் வந்து உட்காருவாள். கை தானாகக் காலை நோக்கிப் போகும். பாதி வழியில் நின்றுவிடும்.

"லேசா ஒரே ஒரு தடவை... பத்து எண்றேன்" என்பாள்.

"வேண்டாம்மா. நாளைக்கே கூப்பிட்டா?"

வேண்டாம் என்று சொன்னது கொக்குதான். அதைப் பின்னால் அவளால் யார் தலையிலும் கட்ட முடியவில்லை. குளியலறை வாசலில் ஐந்து விரல்களும் பாதிப் பாதமுமாகத் தடங்கள் விழுந்தன. அம்மா குனிந்து பார்ப்பதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் பழைய துணியால் அவற்றைத் துடைப்பதைக் கொக்கு பார்த்தாள்.

எட்டாம் மாதத் தொடக்கத்தில் ஒருவழியாக அழைப்பு வந்தது. ராத்திரி பஸ், பச்சைத்தண்ணீர், ஈர உடை. எல்லாம் குறிப்புப்படி நடந்தது. கூடத்தில் நீண்ட பெஞ்சுகள், தலைக்கு மேலே ஓயாமல் குளிரூதும் யந்திரம். கொக்குக்குப் பற்கள் தந்தியடித்தன. அம்மா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு எதிர்ப்பெஞ்சில் இருந்தாள். மகள் நடுங்குவதைப் பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் யாரோடோ பேசப் போயிருந்தார்.

வெள்ளி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் அன்றுதான் பரிசோதனை.

"என்னக்கா இப்படி நடுங்கறீங்க? உங்களுக்கு ஒரு துண்டுகூட யாரும் தரலையா?" என்று தன் போர்வையை எடுத்து நீட்டினாள். அவள் கை ஆடியது, போர்வை தரையைத் தொட்டது. மறுபடி அள்ளி நீட்டினாள்.

"எனக்கு வேண்டாம். நீ போத்திக்கோ."

"எனக்கு இறுகினாலும் ஆறு, இறுகாட்டியும் ஆறு. என்னை யாரு அசைக்க முடியும்? பிடிங்கக்கா, கை வலிக்குது."

கொக்கு அந்தப் போர்வையைப் பார்த்தாள். வாங்கினால் ஏழு மாதம் வீண். வாங்காவிட்டால், இந்தக் குழந்தையிடம் எதற்காக வேண்டாம் என்கிறேன் என்று ஒரு காரணம் சொல்ல வேண்டும். அப்படி ஒரு காரணம் அவளிடம் இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுதட்டும், ஏழு என்றே எழுதட்டும், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கட்டும் என்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே முடிவு செய்தாள். படி ஏறி அலுவலகம் போகலாம். காலை உதைத்து நீந்தி நான்காவதாக வரலாம். குதிகாலை ஊன்றி நிற்கலாம். போர்வையை வாங்கித் தலையோடு காலாகப் போர்த்திக்கொண்டாள். வெள்ளி ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றித் தந்த டீயையும் குடித்தாள். சூடு வயிற்றுக்குள் இறங்கியபோது பல வருடமாகக் கழுத்தில் கிடந்த ஏதோ ஒன்று கழன்றதுபோல் இருந்தது. எதிரில் அம்மா ஜன்னலிலிருந்து திரும்பி, போர்வையைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

உள்ளே பச்சை ரெக்சின் போட்ட மேசை. தலைமுடியை ஒட்ட வெட்டிய டாக்டரம்மா ஒருவர். பக்கத்தில் படிவத்தோடு ஒரு நடுவயதுக்காரர். அவர் பழைய நீச்சல்காரர் என்று தோளே சொன்னது.

"குளிருதா? ஏசியைக் குறைக்கட்டுமா?" என்று கேட்ட டாக்டரம்மா, தன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்ட பிறகே அவள் காலைத் தொட்டார்.

முதலில் பாதத்தைச் சட்டென்று தள்ளினார். கால் எகிறியது. அது எகிறும் என்று இருவருக்கும் தெரியும். பிறகு மெதுவாக, மிக மெதுவாகத் தள்ளத் தொடங்கினார். அம்மா தள்ளுவதுபோலவே இருந்தது. கொக்கு கண்ணை மூடிக்கொண்டாள். இதுவரை தனக்காகக் குளிர் பேசியது, இன்று தானே பேசப்போகிறோம் என்று நினைத்தாள். இடுப்பைத் தளர்த்தினாள், தொடையைத் தளர்த்தினாள், மூச்சை விட்டாள். மனசுக்குள் எண்ணத் தொடங்கினாள். பத்து. பதினைந்து. இருபது. இதோ, இங்கேதான் எங்கோ விட்டுக்கொடுக்கும். இருபத்தைந்து. முப்பது. முப்பத்தைந்து.

"விடும்மா" என்றார் டாக்டரம்மா.

"விட்டுட்டேன் மேடம்."

"பயப்படாதே. இன்னும் கொஞ்சம் விடு."

"முழுசா விட்டுட்டேன்."

டாக்டரம்மா முழங்காலை மடக்கி வைத்து இன்னொரு முறை பார்த்தார். குதிகாலுக்குப் பின்னால் இருக்கும் தசைநாரை இரு விரலால் பிடித்து அழுத்தினார். அடுத்த காலிலும் அப்படியே. பிறகு படிவக்காரரைப் பார்த்தார். அவர் பழைய தாள்களைப் புரட்டி, "நாலு வருஷம் முன்னாடி இதைவிட நல்லா வந்திருக்கு" என்றார்.

"என்ன மேடம்?"

"இது இறுக்கம் இல்லம்மா. இறுக்கம்னா மெதுவா தள்ளினா விட்டுடும். தசைநாரே குட்டையாயிடுச்சு. ரெண்டு கால்லயும்."

"நீட்டிவிட்டா திரும்ப வந்துடும்ல?"

"இந்த அளவுக்கு வந்துட்டா கஷ்டம். ஆபரேஷன் பண்ணலாம். ஆனா கால்ல இருக்கிற பலமும் போயிடும், நீச்சல்காரிக்கு நான் சொல்ல மாட்டேன்." அவர் குரல் தணிந்தது. "வீட்ல யாரும் பயிற்சி பண்ணிவிடறதில்லையா?"

"அம்மா பண்ணுவாங்க. நடுவுல கொஞ்ச நாள் நிறுத்தியிருந்தோம்."

"எவ்வளவு நாள்?"

"பதினஞ்சு நாள்" என்றுதான் வாயில் வந்தது.

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். நம்பாத பார்வைதான். பிறகு படிவத்தின் பக்கம் கையைக் காட்டினார். நடுவயதுக்காரர் எழுதத் தொடங்கினார்.

"சார், நான் ஏழுன்னு நினைச்சேன்" என்றாள் கொக்கு. எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "நல்லா பாருங்க சார். நான் ஏழுதான்."

அவர் சிரித்தார். "எல்லாரும் ஆறு வேணும்னு இங்க அழுவாங்க. நீ ஒருத்திதான் ஏழு கேட்டு அழறே. கவலைப்படாதே, ஆறேதான். சந்தேகமே இல்லை. இனிமே உன்னைக் கூப்பிட்டுத் தொந்தரவும் பண்ண மாட்டோம்."

தண்ணீரிலும் பார்த்தார்கள். அவள் உதைத்தாள். யாரும் தடுக்காத, யாருக்கும் மறைக்க வேண்டாத ஒரு இடத்தில், உள்ள பலத்தையெல்லாம் திரட்டி உதைத்தாள். பாதங்கள் இரண்டும் விரல்நுனியை நீட்டியபடி அசையாமல் பின்னால் வந்தன. தாளில் எழுதியது இதுதான்: பிரிவு ஆறு. நிரந்தரம். மறுபரிசோதனை தேவையில்லை.

மாஸ்டர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நிரந்தரம். பாத்தியா கொக்கு? இனிமே நம்மள ஒருத்தரும் ஒண்ணும் கேக்க முடியாது" என்றார். அவர் சொன்னது உண்மை. இனி அவளிடம் பொய் என்று எதுவும் இல்லை. இத்தனை வருடம் போட்டிருந்த வேஷம் தோலாகிவிட்டது. பரிசோதனைக்குக் கிளம்பிய வெள்ளி, "அப்ப எனக்கு வெள்ளிதான், டிரஸ் தைக்க வேண்டாம்" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். போர்வையை அவள் திரும்பக் கேட்கவில்லை.

கூடத்திலிருந்து உடைமாற்றும் அறைவரை ஈரக்காலோடு நடந்தாள் கொக்கு. திரும்பித் தரையைப் பார்க்கவில்லை.

அம்மா அவளுக்கு முன்பே உள்ளே காத்திருந்தாள். காலையிலிருந்து மடியில் இறுக்கி வைத்திருந்த கைப்பையில் ஒரு ஃபிளாஸ்க், ஃபிளாஸ்க்கில் வெந்நீர், அடியில் மடித்து வைத்த துண்டு. ஏழு மாதமாக அலமாரியில் கிடந்த அதே துண்டு.

"நிரந்தரம்னு எழுதிட்டாங்களாமே, மாஸ்டர் சொன்னார்" என்றாள் அம்மா. "அப்ப இனிமே யாருக்கும் பயப்பட வேண்டாம்ல பாப்பா? தினமும் பண்ணலாம்ல?"

கொக்கு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சொல்ல வாயைத் திறந்தாள்.

"பண்ணலாம்மா" என்றாள்.

அம்மா அவளைப் பெஞ்சில் படுக்கவைத்தாள். வெந்நீரை ஊற்றித் துண்டைப் பிழிந்தாள். விரல் சுட்டதற்கு உதறிக்கொண்டு சிரித்தாள். துண்டு ஆறும்வரை பொறுக்கவில்லை. உள்ளங்காலை முன்கையில் தாங்கித் தள்ளத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. இருபது தாண்டியது. அம்மாவின் நெற்றி லேசாகச் சுருங்கியது.

"கொஞ்சம் இறுகிப் போயிருக்கு. நாளாச்சுல்ல? நாலு நாள்ல விட்டுக்கொடுத்துடும், பாரு."

"ஆமாம்மா."

"இருபத்தேழு... இருபத்தெட்டு..." அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினாள். "இருபத்தெட்டு... இருபத்தெட்டு..."

கொக்கு திருத்தவில்லை.